முடித்துவிடத் துடிக்கும் மனம்

இவ்வாரத் தியானப் பகுதி: ஆதியாகமம் 25:29–34, 1 இராஜாக்கள் 19:1–8



அம்பத்தூருக்கும் திருவேற்காட்டுக்கும் இடையே உள்ள மேல் அயனம்பாக்கத்தை நம்மில் பலர் நன்கு அறிவோம். அங்குள்ள வேலம்மாள் வித்யாலயாவுக்குக் காலை வேளைகளில் பிள்ளைகளை இருசக்கர வாகனத்தில் கொண்டு விடுகிறவர்கள் நம் சபையிலும் இருக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டு அந்தப் பள்ளியில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் சதுரங்கம் கற்கத் தொடங்கினான். அதே ஆண்டு நவம்பரில் நம் சென்னையில் விஸ்வநாதன் ஆனந்துக்கும் மாக்னஸ் கார்ல்சனுக்கும் உலகப் பட்டத்துக்கான போட்டி நடந்தது. கண்ணாடி அறைக்குள் அமர்ந்திருந்த அவ்விருவரையும் வெளியே இருந்து பார்த்த அந்தச் சிறுவன், ஒரு நாள் அந்த அறைக்குள் தானும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். பதினோரு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 12, வியாழக்கிழமையன்று, சிங்கப்பூரில் அவ்வாறே ஓர் அறைக்குள் அமர்ந்து அவன் உலகப் பட்டத்தை வென்றான். அவர்தான் குகேஷ். வயது 18. 1985-இல் 22 வயதில் பட்டம் வென்ற கஸ்பரோவின் சாதனையை முறியடித்து, 18-ஆவது உலக சாம்பியனானார்.

இச்செய்தியை நீங்கள் அனைவரும் படித்திருப்பீர்கள். வெற்றியைப் பற்றிப் பேசியவர்கள் ஏராளம். நான் இவ்வாரம் உங்களோடு தியானிக்க விரும்புவது அந்த வெற்றிக்குச் சற்று முந்தைய ஒரு கணத்தை. அந்தக் கணத்தில் பலகையின் இருபுறமும் அமர்ந்திருந்த இரு மனிதருடைய உள்ளத்தில் என்ன நடந்தது என்பதைப் பல நாட்கள் எண்ணிப் பார்த்தேன். அதில் நமக்கும் ஒரு பாடம் உண்டென்று கண்டேன்.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு ஆட்டங்கள் கொண்ட போட்டி அது. முதல் ஆட்டத்தில் சீனாவின் டிங் லிரென் வென்றார். மூன்றாம் ஆட்டத்தில் குகேஷ் ஈடுகட்டினார். பின்பு தொடர்ந்து ஏழு ஆட்டங்கள் சமனில் முடிந்தன. பதினோராம் ஆட்டம் குகேஷுக்கு, பன்னிரண்டாம் ஆட்டம் டிங்குக்கு. பதின்மூன்றாம் ஆட்டம் மீண்டும் சமன். ஆகவே கடைசி ஆட்டத்துக்கு இருவரும் ஆறரைக்கு ஆறரை என்ற கணக்கில் வந்து அமர்ந்தார்கள். அதுவும் சமனில் முடிந்திருந்தால், மறுநாள் குறைந்த நேர ஆட்டங்களால் பட்டம் தீர்மானிக்கப்பட்டிருக்கும். அவ்வகை ஆட்டத்தில் டிங் வல்லவர். 2023-இல் அஸ்தானாவில் நெப்போம்னியாச்சியை வென்று அவர் உலக சாம்பியனானதும் அவ்வழியில்தான்.

அந்த வெற்றிக்குப் பின்வந்த நாட்கள் டிங்குக்கு இனிமையாக இருக்கவில்லை. மனச்சோர்வால் தாம் துன்பப்பட்டதை அவர் மறைக்காமல் பேசினார். பல மாதங்கள் போட்டிகளிலிருந்து விலகியிருந்தார். திரும்பி வந்தபோதும், நீண்ட நேர ஆட்டங்களில் ஒரு வெற்றியும் பெறாமல் மாதங்கள் கடந்தன. சிங்கப்பூருக்கு அவர் வந்தபோது பெரும்பாலோர் அவரை ஏறக்குறைய தோற்றவராகவே எண்ணினார்கள். அப்படிப்பட்டவர் பதின்மூன்று ஆட்டங்கள் தாக்குப்பிடித்து, சமமான கணக்கோடு கடைசி ஆட்டத்துக்கு வந்ததே பெரிய காரியம். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்த நகர்வைப் பார்க்க வேண்டும்.

கடைசி ஆட்டத்தில் வெள்ளைக் காய்கள் டிங்குடையவை. வெள்ளைக்கு முதலில் நகர்த்தும் உரிமை உண்டு. ஆகையால் வெற்றிக்கு முயல்வது வெள்ளையின் வழக்கம். டிங்கோ காய்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே வந்தார். ஒரு சிப்பாயைக்கூட இழக்கச் சம்மதித்தார். பலகை காலியாகிக் கடைசியில் இருவருக்கும் ராஜாவைத் தவிர ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு இரண்டு சிப்பாய்கள், டிங்குக்கு ஒன்று. ஒரு சிப்பாய் குறைவாயிருந்தாலும், பொறுமையாக ஆடினால் இது சமனில் முடியக்கூடிய நிலை. டிங்குக்கு அது தெரியும், குகேஷுக்கும் தெரியும்.

குகேஷ் சமனுக்குக் கைநீட்டவில்லை. அவசரப்படவும் இல்லை. பெரிய தாக்குதல் எதுவும் செய்யாமல், எதிராளி ஒவ்வொரு முறையும் ஒரு சிறிய பதிலைக் கண்டுபிடிக்க வேண்டிய நிலையை மட்டும் ஏற்படுத்திக்கொண்டே இருந்தார். மணிக்கணக்காக இது நீண்டது. அவருடைய கடிகாரத்தில் நேரம் தாராளமாக இருந்தது. டிங்கின் கடிகாரத்தில் குறைந்துகொண்டே வந்தது.

ஐம்பத்தைந்தாம் நகர்வு. டிங் தம்முடைய யானையை எடுத்து, குகேஷின் யானைக்கு எதிரே வைத்தார். ‘இதையும் மாற்றிக்கொள்வோம்’ என்பது அந்த நகர்வின் பொருள். யானைகள் பலகையை விட்டு நீங்கினால் எஞ்சும் வேலை இன்னும் எளிதாகும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய பிஷப் அவ்வேளையில் பலகையின் மூலையில் நின்றது. யானைகள் மாறியவுடன் குகேஷின் பிஷப் நடுவே வந்து அதன் ஒரே பாதையை அடைத்துவிடும். அதையும் மாற்றியே தீர வேண்டும். பின்பு மீதமிருப்பது இரண்டு ராஜாக்கள், ஒரு பக்கம் இரண்டு சிப்பாய்கள், மறுபக்கம் ஒன்று. அந்த நிலையில் தப்பிக்க வழியே இல்லை. மூலையில் அகப்பட்ட காய்க்கு ‘பிஷப்’ என்று பெயர் இருப்பதைக் கேட்டு நம் வாலிபர் சிலர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

குகேஷ் இதை உடனே காணவில்லை என்பதுதான் எனக்கு வியப்பாயிருந்தது. தாம் முன்னமே எண்ணி வைத்திருந்த வேறொரு யானை நகர்வை ஆடவிருந்ததாக அவரே பின்னர் பத்திரிகையாளர்களிடம் கூறினார். ஆனால் கை நீளுமுன் பலகையை மறுபடி பார்த்தார். அப்போதுதான் கண்டார். அவருடைய முகம் மாறியது. டிங் தம் தவற்றை அறிந்ததும் அந்த முகத்திலிருந்துதான். எதிரே இருந்தவரின் மகிழ்ச்சியைக் கண்ட பின்பே தாம் செய்தது புரிந்ததென்று அவரும் சொன்னார். ஐம்பத்தெட்டாம் நகர்வோடு ஆட்டம் முடிந்தது. ஏழரைக்கு ஆறரை.

எனக்குச் சதுரங்கம் கற்பித்தவர் என் தந்தையார். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். ஞாயிறு பிற்பகலில் குடியிருப்பின் திண்ணையில் பலகையை விரிப்பார். சிறுவனாகிய எனக்குக் காய்களை மாற்றிக்கொள்வதில் பெரும் விருப்பம். காய்கள் குறைந்தால் சிந்திக்க வேண்டியதும் குறையும் அல்லவா! அவர் என்னைத் தடுத்து, ‘வெட்டிக்கொள், வேண்டாமென்று சொல்லவில்லை. வெட்டிய பிறகு பலகையில் என்ன மிச்சம் என்று முதலில் பார்’ என்பார். அப்பா போன பின்பும் இந்த ஒரு வாக்கு என்னோடு இருக்கிறது. ஊழியத்தில் பல வீடுகளில் அமர்ந்து பேசும்போது அதை நினைத்துக்கொள்வேன்.

டிங் லிரென் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். சிப்பாய்கள் மட்டும் எஞ்சும் ஆட்டத்தின் முடிவு அவருக்குத் தெரியாததல்ல. ஓய்ந்த மனதோடு அமர்ந்திருந்தால் நொடியில் கண்டிருப்பார். பின்னே ஏன் காணவில்லை? அவருடைய இருதயத்தை நான் அறியேன். கர்த்தர் ஒருவரே அறிவார். ஆயினும் அந்த ஆட்டம் முழுவதும் பலகையில் தெரிந்த போக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு மாற்றமும், ஒவ்வொரு விட்டுக்கொடுத்தலும் ஒரே திசையை நோக்கிச் சென்றது: இந்த நெருக்கடி தீர வேண்டும், இந்த நாள் முடிய வேண்டும். களைத்துப்போன மனம் ஒன்றைச் சரியா தவறா என்று கேட்பதை விட்டுவிடுகிறது. இது முடிந்துவிடுமா என்று மட்டும் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் தரும் எந்த வழியும் அதற்கு நல்ல வழியாகவே தோன்றுகிறது.

வேதத்தில் இதே கணத்தை ஏசாவின் வாழ்விலே காண்கிறோம். அவன் வெளியிலிருந்து இளைத்துப்போய் வந்தான் என்று ஆதியாகமம் நமக்குச் சொல்கிறது. வேட்டையில் தேர்ந்தவன், பலசாலி. ஆனால் அந்த மாலையில் களைத்திருந்தான். அடுப்பிலே பயற்றங்கூழ் கொதித்தது. சேஷ்ட புத்திரபாகம் என்பது அப்போது கண்ணுக்குத் தெரியாத காரியம்; கூழின் வாசனையோ மூக்கருகே இருந்தது. தான் சாகப்போகிறவன் என்றே அவன் பேசினான். ஒரு வேளைப் பசியால் யாரும் சாவதில்லை; ஆனால் களைப்பு அப்படித்தான் பேச வைக்கும். புசித்தான், குடித்தான், எழுந்து போனான். எத்தனை சுருக்கமான வரலாறு! பசி அந்த மாலையோடு தீர்ந்தது. விற்றது திரும்பவில்லை. ‘வெட்டிய பிறகு பலகையில் என்ன மிச்சம்’ என்று கேட்க அவனருகே யாரும் இல்லை; அருகிலிருந்த ஒருவனோ அந்தக் களைப்புக்காகக் காத்திருந்தவன்.

பிரியமானவர்களே, இது பழங்காலத்துக் கதையோ சிங்கப்பூரில் நடந்த செய்தியோ மட்டுமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். சென்ற ஆண்டு லெந்து நாட்கள் தொடங்குமுன் ஒரு மகள் என்னைக் காண வந்தாள். அவளுடைய அனுமதியோடு, அவள் யாரென்று தெரியாதபடி இதைச் சொல்கிறேன். வயது முப்பதைக் கடந்தவள். நான்கு ஆண்டுகளில் பதினேழு குடும்பங்கள் வந்து பார்த்துச் சென்றிருந்தன. சிலர் நிறத்தைச் சொன்னார்கள், சிலர் வயதைச் சொன்னார்கள், சிலர் பதிலே சொல்லவில்லை. பதினெட்டாவதாக ஒரு சம்பந்தம் வந்தது. அந்த வாலிபன் அவளிடம் முகம் கொடுத்து இரண்டு வார்த்தை பேசவில்லை. பெற்றோரின் பேச்சு முழுவதும் நகையைப் பற்றியும் வீட்டின் பத்திரத்தைப் பற்றியும் இருந்தது. ‘உனக்குச் சம்மதமா, அம்மா?’ என்று கேட்டேன். சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் சொன்னாள்: ‘நான் சரியென்று சொல்லிவிட்டால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள், ஐயா.’

அந்தப் பதிலில் அந்த வாலிபனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவள் திருமணத்தைத் தெரிந்துகொள்ளவில்லை, முடிவைத் தெரிந்துகொண்டிருந்தாள்.

நான் சம்மதி என்றும் சொல்லவில்லை, மறுத்துவிடு என்றும் சொல்லவில்லை. அவளுடைய பெற்றோரை அழைத்து ஒன்றே ஒன்று கேட்டேன். நாற்பது நாட்கள் இந்த வீட்டில் சம்பந்தப் பேச்சே கூடாது. தரகர் வரக்கூடாது, புகைப்படம் வரக்கூடாது, இரவு உணவின்போது பெருமூச்சுகூடக் கூடாது. தாயார் முதலில் அஞ்சினார்கள். வந்த இடம் கைநழுவிப் போய்விடுமே என்றார்கள். தகப்பனார் சம்மதித்தார். நாற்பது நாட்கள் கழித்து அந்த மகள் தானாகவே, அழாமல், அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று காரணங்களோடு சொன்னாள். அவளுக்கு இன்றுவரை திருமணம் ஆகவில்லை. நான் இதை ஒரு சாட்சியாக முடித்து, அடுத்த மாதமே நல்ல வரன் வந்தது என்று எழுத முடியாது. காத்திருப்பு இன்னும் நீள்கிறது, வலியும் உண்டு. ஆனால் தன் வாழ்வைப் பற்றிய பதிலை அவள் இப்போது தெளிந்த மனதோடு சொல்கிறாள், தூக்கமும் வருகிறதாம்.

இந்த இடத்தில் நம் வாலிபர் சிலர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றையும் தொட்டுச் செல்கிறேன். ‘சதுரங்கத்தைப் புகழ்கிறீர்களே ஐயா, போக்கரும் ரம்மியும்கூடத் திறமை ஆட்டங்கள்தானே?’ என்கிறார்கள். சட்டம் இதில் பல வளைவுகளைக் கடந்து வந்திருக்கிறது. 2022-இல் தமிழ்நாடு அரசு இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைப் பொதுவில் ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றின் மீதான தடையை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்கள் யாவையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. போக்கரில் எதிராளியின் சீட்டு மறைந்திருக்கிறது. சதுரங்கத்தில் எல்லாம் கண்முன்னே இருக்கிறது. இந்த வேறுபாடு உண்மையானது. எனினும் நள்ளிரவில் கைபேசியோடு கழிவறையில் ஒளிந்து அமர்ந்திருப்பவனுக்குத் திறமை எவ்வளவு இருந்தாலும் பயன் என்ன? அவனுக்குள் பேசுவது திறமை ஆகாது. ‘இன்னும் ஒரே ஆட்டம், இழந்ததை எடுத்துவிட்டு முடித்துவிடலாம்’ என்று சொல்லும் அதே களைத்த குரல்தான். எல்லாம் வெளிப்படையாகத் தெரியும் பலகையின் முன்பே உலக சாம்பியனின் கண்ணை அந்தக் களைப்பு மறைத்ததென்றால், சீட்டு மறைந்திருக்கும் இடத்தில் சாதாரண மனிதனின் கதி என்னவாகும்?

இதுவரை நம்மைக் குறித்துச் சொன்னேன். இனி நாம் பிறரைப் பார்க்கும் விதத்தைக் குறித்தும் சொல்ல வேண்டும்.

அந்த வியாழக்கிழமை மாலையில் நம் ஆலயத்தின் சிறு அறையில் வாலிபர் பத்துப் பேர் மடிக்கணினியின் முன் கூடியிருந்தார்கள். நானும் அவர்களோடு இருந்தேன். இத்தகைய ஒளிபரப்புகளில் பலகையின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை தெரியும். யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைக் கணினி அதில் காட்டிக்கொண்டே இருக்கும். டிங் யானையை வைத்த மறுகணமே பட்டை சரிந்தது. அறையில் ஆரவாரம். காய்களின் பெயர்கூடத் தெரியாத ஒரு தம்பி, ‘இதுகூடவா தெரியாது இவருக்கு?’ என்றான். ஆட்டம் முடிந்த பின்பு, முந்தைய நகர்வுகளில் ஒன்றைத் திரையில் வரவழைத்து, அந்தப் பட்டையை ஒரு பாட்டுப் புத்தகத்தால் மறைத்தேன். ‘இப்போது சொல், தம்பி. வெள்ளை என்ன ஆட வேண்டும்?’ அவன் விழித்தான். சதுரங்கம் நன்றாக ஆடும் இருவரும்கூட ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வெவ்வேறு பதில் சொன்னார்கள். பலகையின் முன் அமர்ந்திருப்பவனுக்கு அந்தப் பட்டை கிடையாது. அவனுக்கு உள்ளதெல்லாம் ஓடுகிற கடிகாரமும், வலிக்கிற தலையும், மூன்று வாரத்துத் தூக்கக் குறைவும்தான்.

அந்தத் தம்பியை மட்டும் குறை சொல்ல இயலாது. பெரியவர்களும் அப்படித்தான் பேசினார்கள். முன்னாள் உலக சாம்பியன் ஒருவர் இகழ்ந்தார். ரஷ்யச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர், டிங் வேண்டுமென்றே தோற்றிருக்கலாம் என்று ஐயம் எழுப்பி விசாரணை கோரினார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் அதை ஏற்காமல், பிழைகளும் விளையாட்டின் ஒரு பகுதியே என்று பதிலளித்தார்.

நம் சபையிலும் நாம் பட்டையைப் பார்த்துக்கொண்டுதான் ஒருவரையொருவர் நியாயந்தீர்க்கிறோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்த ஒரு சகோதரர், விருப்ப ஓய்வுக் கடிதத்தில் ஒரே பிற்பகலில் கையெழுத்திட்டார். கிடைத்த பணம் மகளின் திருமணத்திலும் பழைய கடனிலும் இரண்டே ஆண்டுகளில் கரைந்தது. ‘மூளை உள்ளவன் கையெழுத்துப் போடுவானா?’ என்று உறவினர் இன்றும் கேட்கிறார்கள். நானும் மனைவியும் ஒரு மாலை அவர் வீட்டுக்குச் சென்றபோது, அந்தக் கேள்வியைக் கேட்காமல், ‘அண்ணே, அன்றைக்கு என்ன நடந்தது?’ என்று மட்டும் கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார். தொடர்ந்து நான்கு இரவுகள் வேலை. ஐந்து மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற அறிவிப்பு. முன்னே வரிசையில் நின்ற மூவர் கையெழுத்திட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சென்றார்கள். வீட்டுக்கு அழைத்தால் மனைவியின் தொலைபேசி எடுக்கப்படவில்லை; அவர்கள் தண்ணீர் லாரியின் முன் குடத்தோடு நின்றிருந்தார்கள். ‘போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது, ஐயா’ என்றார். அத்தனை ஆண்டுகளில் அந்தப் பிற்பகலைப் பற்றி ஒருவரும் தம்மிடம் கேட்டதில்லை என்றும் சொன்னார். அருகில் அமர்ந்திருந்த அவருடைய மனைவியும் அன்றுதான் முழுவதையும் கேட்டார்கள்.

எலியாவிடம் கர்த்தர் நடந்துகொண்ட விதத்தை இங்கே நினையுங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்டவன் அவன். அடுத்து வந்த ஒரு மிரட்டலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் என்றான். தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி வேண்டினான். எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு பலகையைக் காலியாக்கிவிடத் துடித்த மனம் அது. அப்போது தேவன் அவனோடு வழக்காடவில்லை. நேற்றைய அற்புதத்தை மறந்தாயோ என்று இடித்துரைக்கவில்லை. அவனைத் தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பினான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. உண்டு மறுபடியும் படுத்தான். இரண்டாம் முறையும் உணவு. அதன் பின்புதான் நாற்பது நாள் நடையும் ஓரேபும். கேள்விகள்கூட அங்கே சென்ற பின்புதான் வந்தன. களைத்தவனுக்கு முதலாவது தேவை ஆலோசனை என்றே நாம் எண்ணுகிறோம். பரலோகமோ முதலாவது அடை சுட்டது.

குகேஷின் கதையிலும் இப்படி ஓர் இளைப்பாறுதல் உண்டு. 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த தகுதிப் போட்டியில், ஏழாம் சுற்றில் அலிரெசா ஃபிரூஜாவிடம் அவர் நேர நெருக்கடியில் தோற்றார். மறுநாள் ஓய்வுநாள். அந்தத் தோல்விக்குப் பின்னரே தமக்குள் ஒரு புதிய பலத்தையும் தெளிவையும் உணர்ந்ததாக அவர் பிற்பாடு கூறினார். தொடர்ந்து ஆடி அந்தப் போட்டியை வென்றதால்தான் சிங்கப்பூருக்கு வந்தார்.

சிங்கப்பூரில் ஆட்டம் முடிந்ததும் அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளை கண்ணீரோடு காய்களை மறுபடியும் அவற்றின் தொடக்க இடங்களில் அடுக்கி வைத்ததை நாம் கண்டோம். பின்பு பேசும்போது டிங்கைப் பற்றி ஓர் ஏளனச் சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை. எவ்வளவு பாரத்தோடு அவர் போராடினார் என்பதைச் சொல்லி, தமக்கு அவர் உண்மையான உலக சாம்பியன் என்றே கூறினார். உலகம் பட்டையைப் பார்த்துப் பேசியபோது, எதிரே அமர்ந்து பதினான்கு ஆட்டங்கள் ஆடியவர் மனிதனைப் பார்த்துப் பேசினார். டிங்கும் தம் தோல்விக்கு வேறெவரையும் காரணம் காட்டவில்லை. வருத்தம் இல்லை, தொடர்ந்து ஆடுவேன் என்றார். இரண்டும் என் உள்ளத்தைத் தொட்டன.

ஆகவே, அன்பானவர்களே, இவ்வாரம் உங்களில் யாராவது ஒரு பெரிய தீர்மானத்தின் முன் நிற்கலாம். சொத்துப் பிரிவினைப் பத்திரமாயிருக்கலாம், வேலையை விடும் கடிதமாயிருக்கலாம், நோயுற்ற பெற்றோரை எங்கே வைப்பது என்ற கேள்வியாயிருக்கலாம். ‘முடிந்தால் போதும்’ என்று உள்ளம் சொன்னால், அந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பேனாவைக் கீழே வையுங்கள். அந்தத் தீர்மானமே தவறு என்று நான் சொல்லவில்லை. காய்களை மாற்றிக்கொள்ள வேண்டிய நேரங்களும் உண்டு. ஓர் இரவு உறங்குங்கள். உண்ணுங்கள். உங்களை நேசிக்கிற ஒருவரிடம், ‘இதைச் செய்த பிறகு என்னிடம் என்ன மிச்சமிருக்கும்?’ என்று உரக்கக் கேட்டுப் பாருங்கள். காலையிலும் அதே பதில் சரியென்று தோன்றினால் ஜெபத்தோடு கையெழுத்திடுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டவர்கள் நம் நடுவில் உண்டு. அவர்களுடைய நகர்வை நீங்கள் நெடுநாளாகப் பேசியிருக்கலாம். இந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் அவர்களில் ஒருவருடைய வீட்டுக்குச் செல்லுங்கள். கையில் உணவு ஏதாவது கொண்டு செல்லுங்கள். ‘அன்றைக்கு என்ன நடந்தது?’ என்று கேட்டுவிட்டு அமைதியாக அமர்ந்திருங்கள்.

ஜெபம்:

இளைத்தவர்களை அறிந்திருக்கிற ஆண்டவரே, எங்கள் களைப்பு எங்களுக்காகத் தீர்மானம் எடுக்காதபடி காத்தருளும். நாங்கள் அவசரப்பட்டு இழந்துபோனவைகளின் நடுவிலும் எங்களைக் கைவிடாதேயும். பிறருடைய தவற்றைக் காணும் வேளையில், அவர்கள் அமர்ந்திருந்த இடத்தில் ஒரு நாழிகை அமர்ந்து பார்க்கும் இரக்கத்தை எங்களுக்குத் தாரும். சூரைச்செடியின் கீழே படுத்திருக்கிறவர்களுக்கு அடையும் தண்ணீரும் கொண்டு செல்கிறவர்களாக இந்தச் சபையை அனுப்பும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.